ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?

கேள்வி: எனக்கு வயது 34. பதினேழு வயதில் முதல் ஒப்பந்தம் போட்டேன், பதினேழு வருடமாகத் தொழில்முறைக் கால்பந்து ஆடுகிறேன், நடுக்களம்தான் என் இடம். பிறவித் திறமை என்று எனக்குப் பெரிதாக எதுவும் கிடையாது. தினமும் கொஞ்சமாவது முன்னேற வேண்டும் என்ற வெறியில்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆட்டம் முடிந்த ஒவ்வொரு இரவும் அன்று செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் நோட்டில் ஏற்றிவிடுவேன், இதுவரை 14 நோட்டு ஆகிவிட்டது. என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால் கல்யாணமான இந்த 11 வருடமும் நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் எழுதுகிறாள் (ஓரத்தில் அவளும் ஏதோ வீட்டுக் கணக்கெல்லாம் குறித்து வைப்பாள், அது வேறு). இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில் இடது தொடையின் பின்தசை கிழிந்ததிலிருந்து வேகம் பழையபடி இல்லை. போன சீசனில் பாதி ஆட்டம் பெஞ்சில்தான். இப்போது கிளப் இரண்டு வழி காட்டுகிறது: குறைந்த சம்பளத்தில் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம், அல்லது 16 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளர் வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்ட், பிசியோ, என் பழைய கோச், கூட ஆடுகிற இரண்டு பேர் என எல்லோரையும் கேட்டுவிட்டேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் பிரச்சினை இல்லை, மனைவி எதிலும் தலையிட மாட்டாள். ஆடுவதா, பயிற்சியளிப்பதா? என்னைப் போன்ற ஒருவன் நல்ல கோச் ஆக முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் இடது தொடையின் பின்தசை எந்த மாதம் கிழிந்தது என்று எனக்கு இப்போது தெரியும். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரியாது. மனைவி வேலைக்குப் போகிறாரா, ஒரு காலத்தில் போய்க்கொண்டிருந்து பிறகு நிறுத்திவிட்டாரா, அதுவும் தெரியாது. கடிதம் எழுதுகிறவர் எதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறாரோ அதில்தான் பாதி விஷயம் கிடக்கும் என்பது இந்த வேலையில் எனக்குப் பழகிப்போன ஒன்று. விளையாட்டுக்காரர்கள் என்றில்லை, அறுவை மருத்துவர்கள் எழுதுவார்கள், பாடகர்கள் எழுதுவார்கள், தொழில் நடத்துகிறவர்கள் எழுதுவார்கள், எல்லாக் கடிதத்திலும் கடைசிப் பத்தியில் "வீட்டில் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி வந்து நிற்கும். யாரும் கேட்காமலே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடுவதா விடுவதா என்பதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு வேண்டியது உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஓரத்தில் அவளும் "ஏதோ வீட்டுக் கணக்கெல்லாம்" குறித்து வைப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன ஏதோ? வீட்டுக் கணக்கு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவையாவது படித்துப் பார்த்தீர்களா? படித்திருந்தால் "ஏதோ" வராது. அறுபத்துமூன்றாவது நிமிடத்தில் இடது பக்கம் போக வேண்டிய பாஸை வலது பக்கம் கொடுத்ததைச் சொல்லி எழுத வைக்கிற மனுஷன் நீங்கள். எதையும் மேலோட்டமாகப் பார்க்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட கண் அதே பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, உங்கள் மனைவியின் சொந்த எழுத்தில் இருப்பதைப் பார்க்காமலே பதினோரு வருடம் தாண்டிப் போயிருக்கிறது. அதற்கு மேல் "அது வேறு" என்று ஒரு முத்திரை வேறு.

கணக்குத்தானே உங்களுக்குப் பிடிக்கும், போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 35 ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும் பதினோரு வருடத்தில் 385. கிட்டத்தட்ட நானூறு இரவுகள் அந்தப் பெண் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தவறுகளை எழுதியிருக்கிறார். தோற்ற இரவும் அதில் உண்டு, உடம்பு சரியில்லாத இரவும் உண்டு (அவருக்குத்தான் சொல்கிறேன், உங்களுக்கு இல்லை), தூக்கம் கண்ணைச் சுழற்றிய இரவும் உண்டு. நானூறு இரவு ஓர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு எழுதிய ஒருவருக்கு அந்த ஆட்டம் தெரியாமலா இருக்கும்? ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். எந்தத் தவறை நாலாவது நோட்டிலும் சொன்னீர்கள், ஒன்பதாவதிலும் சொன்னீர்கள், பதிமூன்றாவதிலும் சொன்னீர்கள் என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். சொல்கிறவன் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான். எழுதிய கைக்கு மறக்காது.

நீங்கள் ஐந்து பேரிடம் யோசனை கேட்டிருக்கிறீர்கள். ஏஜென்டுக்கு உங்கள் ஒப்பந்தத்தில் பங்கு உண்டு. கூட ஆடுகிறவர்களுக்கு அவரவர் பயம், நாளைக்குத் தங்களுக்கும் இதே கடிதம் வரும் என்று. பழைய கோச்சுக்கு உங்களுடைய இருபத்துமூன்று வயதுதான் ஞாபகத்தில் இருக்கும். ஆறாவதாக, முகம் தெரியாத எனக்கும் எழுதியாயிற்று. பதினான்கு நோட்டில் முக்கால்வாசியைத் தன் கையால் எழுதிய ஆளை மட்டும் கேட்கவில்லை, கேட்டால் "தலையிட மாட்டாள்" என்கிறீர்கள். தலையிடாதவர் என்றால் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும், இல்லை கேட்டுக் கேட்டு அலுத்தவராக இருக்க வேண்டும், இல்லை யாரும் கேட்கவே கேட்காதவராக இருக்க வேண்டும். அக்கறை இல்லாத ஆள் நானூறு இரவு உட்கார மாட்டார். மிச்சத்தில் எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும், யார் எங்கே நிற்கிறார், யார் முதுகுக்குப் பின்னால் ஓடி வருகிறார் என்று. நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்கிற ஆய்வாளர் வருடக்கணக்காக இதைப் படம்பிடித்து எண்ணியிருக்கிறார். பந்து வருவதற்கு முந்தைய சில வினாடிகளில் அதிகம் திரும்பிப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகமாகச் சரியாகப் போய்ச் சேருகிறது என்று அவருடைய ஆய்வுகள் சொல்கின்றன. பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் ஷாவியை ஆடும்போது பார்த்திருப்பீர்கள், கழுத்து ஓயவே ஓயாது. நீங்களும் ஓர் ஆட்டத்தில் சில நூறு தடவை திரும்பிப் பார்க்கிறவர்தான். வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கழுத்து எப்படி இறுகிப்போகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, நல்ல கோச் ஆக முடியுமா என்பது. நன்றாக ஆடியவன் நன்றாகச் சொல்லித் தருவான் என்று எந்தச் சட்டமும் இல்லை. இத்தாலியப் பயிற்சியாளர் அரிகோ சாச்சி தொழில்முறையில் ஆடியதே இல்லை, ஏசி மிலான் கிளப்பை ஐரோப்பாவின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். இத்தாலியின் நடுக்களத்தில் ஆடிய பிர்லோ எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 2020-இல் யுவென்டஸ் கிளப் அவரை முதலில் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குத்தான் நியமித்தது, பத்து நாள்கூட ஆகாமல் பெரிய அணியைத் தூக்கிக் கையில் கொடுத்தது. கோப்பை ஒன்றிரண்டு வந்தது உண்மைதான். ஆனால் தொடர்ந்து ஒன்பது வருடம் லீக் வென்ற அணி அந்த வருடம் நாலாவது இடத்தில் போய் நின்றது, அவர் வேலையும் போனது. பிரான்சின் ஜிதேன் 2006-இல் ஆடுவதை விட்டுக் காலணியைக் கழற்றினார். அப்புறம் ரியல் மாட்ரிட்டில் பயிற்சியாளர் ஆன்செலோட்டிக்கு உதவியாளராக ஒரு சீசன் நின்று, அதே கிளப்பின் இரண்டாம் அணியை நடத்தி, 2016 ஜனவரியில்தான் பெரிய அணிக்கு வந்தார். அந்த வருடத்திலிருந்து ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் மூன்று, வரிசையாக. ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ 2017-இல் ஆடுவதை நிறுத்திவிட்டு 14 வயதுக்குட்பட்ட பையன்களிடம் போய் நின்றார். பிறகு ரியல் சோசியதாத்தின் இரண்டாம் அணியில் மூன்று வருடம். அதற்குப் பிறகு வந்ததுதான் ஜெர்மனியின் லெவர்குசன் கிளப், 2023-24 சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத ஜெர்மன் லீக் பட்டம். இதை வைத்துச் சூத்திரம் எதுவும் போட்டுவிட முடியாது. ஆனால் 16 வயதுக்குட்பட்டோர் அணி என்று கிளப் சொன்னதும் உங்களுக்குள் "இதுதானா எனக்கு" என்று ஒரு குரல் கேட்டிருந்தால், கேட்டிருக்கும், அதை வாயை மூடச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை வேறு. உங்களிடம் பதினான்கு நோட்டு இருக்கிறது, பதினான்கிலும் ஒரே ஆட்டக்காரர்தான். தன் தவறைத் தானே எழுதுவது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியளிப்பது முழுக்க வேறு வேலை. நாளைக்கு அந்த மைதானத்தில் இருபது பையன்கள் நிற்பார்கள். பதினைந்து வயது. ஒருவன் ஆறு மாதத்தில் ஒரு சாண் வளர்ந்து தன் காலே தனக்குப் புரியாமல் தடுமாறுவான், போன வருடம் நன்றாகப் போட்ட பாஸ் இந்த வருடம் வராது. ஒருவன் ஒரு வாரமாகச் சிரிக்கவில்லை. ஒருவன் தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் தனியாக உட்காருகிறான். இதெல்லாம் நோட்டின் நடுவில் வராது, தம்பி, ஓரத்தில்தான் வரும். நீங்கள் அவனைக் கூப்பிட்டு "பத்துத் தவறு செய்தாய்" என்று பட்டியல் படித்தால், மூன்றாவதிலேயே அவன் காது அடைத்துவிடும். உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் தவறுகளின் பட்டியல் உணவு மாதிரி. அவனுக்கு அது அடி.

மான்செஸ்டர் யுனைடெட்டை நெடுங்காலம் நடத்திய அலெக்ஸ் ஃபெர்குசன் ஆரம்பத்தில் எல்லாப் பயிற்சியையும் தானே நின்று நடத்துகிற ஆள். அதற்கு முன் ஸ்காட்லாந்தின் அபர்டீன் கிளப்பில் இருந்த காலத்தில் அவருடைய உதவியாளர், எல்லாம் நீங்களே செய்வதென்றால் என்னை எதற்கு அழைத்து வந்தீர்கள் என்கிற மாதிரி கேட்டுவிட்டார். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் பயிற்சியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்தார். தன் தொழிலில் தான் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஓர் ஆட்டக்காரனின் பழக்கம் மாறுகிறதா, உற்சாகம் குறைகிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, பணக் கஷ்டமா, களைப்பா என்பதெல்லாம் தள்ளி நின்றபோதுதான் அவர் கண்ணில் பட்டதாம். பக்கத்தில் இருக்கிற ஒருவர் வாய்திறந்து சொன்னதும் கேட்டுக்கொண்டார், அதுவும் முக்கியம்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம். 2002-இல் ஓய்வு பெறப்போகிறேன் என்று ஊரறிய அறிவித்தாயிற்று. 2001 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் மனைவி கேத்தியும் மகன்களும் தங்களுக்குள் பேசி, நீங்கள் ஓய்வு பெறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறு லீக் பட்டம், 2008-இல் ஒரு சாம்பியன்ஸ் லீக். 2013-இல் விலகியபோது காரணமும் வீட்டிலிருந்துதான் வந்தது: மனைவியின் சகோதரி இறந்துபோனார், மனைவி தனியாகிவிட்டார், இனி மனைவியோடு இருக்க வேண்டும் என்றார். டிரெஸ்ஸிங் ரூமில் அந்த மனிதர் முன்னால் ஒருவரும் வாய்திறக்க மாட்டார்கள் என்பார்கள். ஆனால் போவதா இருப்பதா என்பதை இரண்டு தடவையும் வீட்டை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறார். உங்கள் வீட்டில் "தலையிட மாட்டாள்" என்பது ஏதோ பெருமை மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை.

என் கருத்து பழைய கருத்து என்று சிலர் எழுதுவார்கள், எழுதட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்காத முடிவை நான் முடிவு என்று சொல்ல மாட்டேன், அறிவிப்பு என்பேன். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை. யாருடைய கையைப் பதினோரு வருடம் கடன் வாங்கினீர்களோ அவருக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அவர் தன் விருப்பத்தோடுதானே எழுதினார் என்று நீங்கள் கேட்கலாம். விருப்பத்தோடுதான் இருக்கும். விருப்பத்தோடு கொடுத்த கடனும் கடன்தான்.

தினமும் முன்னேற வேண்டும் என்ற வெறி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-இல் பேக்-பாஸ் விதி மாறியது. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அதுவரை கையை நம்பியே வாழ்ந்தவர்கள், முப்பதைத் தாண்டியவர்களும் சேர்த்து, காலால் ஆடக் கற்க வேண்டியதாயிற்று. அப்போது ஒரு கீப்பர் "நான் முன்னேறுகிறேன்" என்று சொல்லி இன்னும் இரண்டு மணி நேரம் டைவ் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருப்பார்? தெரிந்ததையே இன்னும் நன்றாகச் செய்வது சுகமான முன்னேற்றம், தெரியாததைத் தொடுவதுதான் கூச்சம். பதினைந்தாவது நோட்டு போட்டு, அதிலும் உங்கள் தவறுகளையே நிரப்புவது எனக்கு அந்த டைவ் மாதிரிதான் தெரிகிறது.

ஆடுவதா என்பதற்கு இப்போது வருகிறேன், ஆனால் ரொம்ப நேரம் இல்லை. மோட்ரிச் 37 வயதில் உலகக் கோப்பையில் ஆடிக் குரோஷியாவை மூன்றாவது இடத்துக்கு இழுத்து வந்தார், இத்தாலியக் கோல்கீப்பர் புஃபோன் 45 வயது வரை ஆடினார். இவர்களை நினைத்துத்தான் நீங்கள் ராத்திரியில் மனதைத் தேற்றிக்கொள்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் விதிவிலக்கு, அதனால்தான் பெயரோடு நினைவில் நிற்கிறார்கள். வேகம் பழையபடி இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி ஆட்டம் பெஞ்சில் என்றும் எழுதிவிட்டீர்கள். என்னைத் தனியாகக் கேட்டால் பையன்களிடம் போங்கள் என்பேன். ஒரு வருடம் கழித்து அந்த வேலை காலியாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. ஒருவேளை ஆடுவது என்றே முடிவானால், அந்த வருடத்திலேயே பயிற்சியாளர் உரிமத்துக்கான வகுப்பில் சேர்ந்துவிடுங்கள், சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறிப் போக வருடங்கள் ஆகும், அவசரத்தில் வாங்குகிற சான்றிதழ் இல்லை அது. தொடைத் தசையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், பிசியோ இருக்கிறார்.

ஆனால் இது எதற்கும் இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் அந்த நோட்டுகளை இறக்கி, நடுவில் இருப்பதை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் படியுங்கள். நிஜமாகவே வீட்டுக் கணக்காக இருக்கலாம், அப்படியே இருந்தாலும் படியுங்கள், எந்த மாதம் எதைக் குறைத்தார் என்பதாவது தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தேதியாக இருக்கலாம். யாரோ இறந்த நாளாக இருக்கலாம், நீங்கள் அன்றைக்கு வெளியூர் ஆட்டத்தில் இருந்திருப்பீர்கள். இல்லை உங்கள் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்லாத ஒரு தவறாகவும் இருக்கலாம், எனக்கென்னவோ அப்படி ஒன்றாவது இருக்கும் என்று தோன்றுகிறது. படிப்பதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். உங்கள் நோட்டு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், பாதி அவருடையது.

அப்புறம் உட்கார்ந்து கேளுங்கள். "நான் என்ன செய்யட்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது மறுபடியும் உங்களைப் பற்றிய கேள்வி. இந்தப் பதினோரு வருடம் உனக்கு எப்படிப் போனது, அடுத்த ஐந்து வருடம் எப்படி இருந்தால் உனக்கு நல்லது, இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். உடனே பதில் வராது. ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லுவார், முதல் நாள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள், மறுநாளும் கேளுங்கள். அழுதால் சமாதானப்படுத்துகிறேன் என்று நடுவில் பேச ஆரம்பிக்காதீர்கள்.

புது நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கையெழுத்து புரியாது என்கிற கதையெல்லாம் வேண்டாம், பெரிய எழுத்தாக, மெதுவாக எழுதுங்கள்.